வார்ம்னா சூடுதான

புரட்டாசி, சனிக்கிழமை

காலைல மப்பு. தூறல் இல்ல.

கோட்டைக்குப் போகல. ஸ்கூல் பசங்க ரெண்டு பஸ்ஸு வந்ததாம். போயிருந்தா ராஜகிரிய ரெண்டு தரம் ஏறி எறங்கியிருப்பேன். இந்த வயசுல செஞ்சியில அப்படி ஏறுற கைடு நான் ஒருத்தன்தான். (முட்டி வலி இருக்குது. ஆனாலும் ஏறுவேன்.)

பரண் மேலருந்து மிஷினை எறக்கினேன். அக்கா மக கவிதா போன லீவுல வந்தப்ப அயர்லாந்துலருந்து தூக்கிட்டு வந்தது. அங்க நர்ஸு. அவள நர்ஸாக்கினதே நான்தான். (படிச்சது அவ. அப்ளிகேஷன் வாங்க வெயில்ல கியூவுல நின்னது யாரு?) மிஷின் பேரு ஸ்லோ குக்கர். உள்ள கறுப்பா ஒரு பீங்கான் சட்டி, கல்லு மாதிரி வெயிட்டு. மேல கண்ணாடி மூடி. விசில் கெடையாது. காலைல போட்டா சாயங்காலம் வேவும். அன்னைக்கு நானும் எம் பொண்டாட்டி அஞ்சலையும் சிரிச்சோம், கொழம்பு வைக்க ஒரு நாள் பூரா இவளுங்களுக்கு வேற வேலையே இல்லியான்னு.

இப்ப எங்களுக்குத்தான் வேற வழி இல்ல.

அஞ். இன்னைக்குக் கஞ்சி ரெண்டு முழுங்கு. இளநி பாதி. அவ்ளோதான். வாயில கட்டின்னு ஆபரேசன் பண்ணி, ரேடியேசன் கரண்டு வச்சு, அதுக்கு முன்னாடி பல்லு பாதிக்கு மேல புடுங்கிட்டாங்க. நாக்குல மொளகா பட்டா கண்ணுல தண்ணி வந்துடுது. பாண்டி ஆஸ்பத்திரியில போன வாரம் டாக்டரம்மா, "என்ன சாப்பிடுறாங்க"ன்னு கேட்டாங்க. நான், நாலு இட்லி மேடம், மதியம் ஒரு கை சோறுன்னேன். அந்தம்மா எடை மிஷினைப் பாத்துட்டு என்னையும் ஒரு பார்வை பாத்தாங்க. "நாலு இட்லி சாப்பிட்டா இப்படிக் கொறையாது. வர்ற வியாழக்கெழமை பாப்பேன். சாப்பிட ஆரம்பிக்கலன்னா மூக்கு வழியா குழாய் வச்சுடலாம்"னாங்க.

அஞ். பஸ் ஏறின பெறகு சொன்னா: "குழாய் வச்சாங்கன்னா பாத்துக்க, மறுபடி இந்த பஸ்ஸே ஏற மாட்டேன். இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

அவ சொன்னா செய்வா. நான்தான் சொல்றதோட சரி.

நேத்து சாயங்காலம் செவுத்தப் பாத்துப் படுத்திருந்தவ, திரும்பாமலே, "மாட்டுக்கறி திங்கணும் போல இருக்குது"ன்னா. ரெண்டு மாசத்துல அவளா வாய் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். ஒடனே கவிதாவுக்குப் போன் போட்டேன். அவதான் வழி சொன்னா. பாட் ரோஸ்ட்டாம். கறியை வெட்டாம ஒரே துண்டாப் போட்டு, மொளகா இல்லாம, கேரட், உருளை, வெங்காயத்தோட நாள் பூரா வேக வுட்டா ஸ்பூன் பட்டாலே நாரு நாராக் கழண்டுக்குமாம். பல்லு வேணாமாம்.

"எனக்குத் தெரியாதா. நான் பிரெஞ்சுக்கார தொரைக்கு இதை ஆக்கிப் போட்டவனாச்சே"ன்னேன். (தொரை இல்ல. பாண்டியிலருந்து வந்த காலேஜ் பையன். போட்டது டீ. ஆனா பிரமாதம்னான்.)

வாங்கணும்: கேரட். பெரிய வெங்காயம். உருளை சின்னதா. பூண்டு. பட்டை. சாம்பிராணி ரெண்டு பாக்கெட். அந்த ஊரு பிளக்குக்குப் பின்னு சதுரமா இருக்குது, நம்ம போர்டுல நொழையல, அதுக்கு ஒரு கன்வெர்ட்டர்.

சாம்பிராணி எதுக்குன்னா மாடியில ஓனரம்மா. பஜார்ல மளிகைக் கடை அவங்களோடது. நம்ம காலனி வீடு சிங்கவரம் ரோட்டுல, அங்கிருந்து விடிகாலை ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு அஞ்சலையால நடந்து வர முடியல. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமா இந்தக் கீழ்ப் போர்ஷன் கெடச்சிது. வாடகைக்குக் கேட்டப்ப, நீங்க யாருன்னு அந்தம்மா கேக்கல. சுத்த சைவமான்னு கேட்டாங்க. ரெண்டும் ஒரே கேள்விதான். நான் விடுவனா. "முட்டை வாசனைக்கே இவ மயக்கம் போட்டு வுழுந்துடுவாம்மா"ன்னுட்டேன். பின்னாடி நின்ன அஞ். என் முதுகுல கிள்ளினா.

இப்ப புரட்டாசி வேற. இன்னைக்கு சனிக்கெழமை, குடும்பமே நாமம் போட்டுட்டு சிங்கவரம் மலைக்குப் போயிருக்குது.

ஞாயிறு

வெயில். புழுக்கம்.

வெள்ளன எந்திரிச்சு பாயோட மாட்டுக்கறிக் கடை. கூட்டம் இல்ல.

"வா கைடு. வீட்ல எப்படி இருக்குது?"

"ராணி மாதிரி இருக்குறா பாய். கறி கேக்குறா."

"சாப்பிடட்டும் சாப்பிடட்டும். மெத்துனு வேணும்னா கெண்டைக்கால் எடுத்துக்க. ஜவ்வோட இருக்குது."

"எனக்கேவா ஜவ்வு தர்ற. தொடையில நல்ல எடமாப் பாத்து ஒரு கிலோ போடு. ஒரு நரம்பு இருந்தாலும் திருப்பி எடுத்தாருவேன்."

பாய் அதையே வெட்டிப் போட்டாரு. ரோஸ் நெறத்துல, பட்டுத் துணி மாதிரி. பாதிய பிரிஜ்ஜுல வச்சுட்டுப் பாதிய சட்டியில எறக்கினேன். மொதல்ல அடுப்புல வச்சு செவக்க வறுக்கச் சொல்லியிருந்தா கவிதா. வறுத்தா மாடி வரைக்கும் மணக்கும், வுட்டுட்டேன். உப்பு, மெளகு கொஞ்சூண்டு, காய். மூடியாச்சு.

மிஷின்ல திருகி ஒண்ணு. மூணு எடம் எழுதியிருக்குது. கவிதாவக் கேக்கலாம்னா அங்க அப்ப நடு ராத்திரி. அதுவும் இல்லாம, இங்கிலீஷ்ல பேசியே இருவது வருசம் பொழச்சவன் நான், ஒரு திருகிக்குப் போன் போடுவனா. LOW. லோ, அதாவது கம்மி. கம்மி நமக்கு எதுக்கு. அடுத்தது HIGH. ஹிக், ஹிஜ், என்னமோ கம்பெனி பேரு. மூணாவது WARM. வார்ம். இது தெரியாதா. சித்திரை வெயில்ல வெள்ளக்காரங்க நாக்குத் தள்ளி நிக்கிறப்ப, "வெரி வார்ம் சார், டிரிங் வாட்டர் சார்"னு தெனம் நாப்பது தரம் சொல்றவன். பாறை மேல முட்டை ஒடச்சு ஊத்தினா பொரியும், அதுக்குப் பேரு வார்ம். அங்க திருகி வுட்டேன்.

சாம்பிராணி போட்டேன். அஞ். மதியம் கஞ்சி வேணாம்னுட்டா. "வயித்துல எடம் வச்சுக்கிறேன்"னா. தலை சீவிக்கிட்டா. கரண்டு வச்சதுல ஒரு பக்கம் கழுத்தோரம் முடி கொட்டினதை மறைச்சுப் பின்னிக்கிட்டா.

சாயங்காலம் மூடியத் தொறந்தா கறி சாம்பல் கலர்ல, உள்ள ரத்தத்தோட, காலைல போட்ட மாதிரியே கெடக்குது. கேரட்டு கடக்குனு ஒடையுது. ஒரு மாதிரி வாடை வேற.

வீடியோல காட்டினேன். கவிதா போனைக் கிட்ட வச்சுப் பாத்தா. அப்புறம், "மாமா, வார்ம்ங்கிறது வெந்ததை ஆறாம வச்சிக்கிறதுக்கு. வேக வைக்கிறதுக்கு இல்ல. அதைக் கீழ கொட்டு. அத்தைக்குக் குடுத்துடாத, வயிறு கெட்டுடும்."

"அப்ப அந்த ஹிக்கு?"

"அது ஹை மாமா."

ஹை. தவுசன் பீட் ஹை சார், கிங் போர்ட் சார்னு தெனம் சொல்றேனே. அதுவா இது. அதுக்கு எதுக்குடா கடைசில ஒரு ஜி, இன்னொரு எச்சு.

அஞ். தட்டோட ஒக்காந்திருந்தா. தட்டை அவளே எடுத்துட்டுப் போயி கழுவாமலே கவுத்து வச்சா.

திங்கள்

மழை. மதியம் ரெண்டு தரம் கரண்ட் கட்டு.

மிச்சக் கறி. LOW. கவிதா போன்லயே நின்னு வைக்கச் சொன்னா.

நாள் முழுக்க வீட்லயே. ஒரு தரம் மூடியத் தூக்கிப் பாத்தேன். வேவுதான்னு பாக்க. அப்புறம் தண்ணி இருக்குதான்னு. அப்புறம் கிளறி வுட. சமையல்னா கிளறணும் இல்ல. கரண்ட் போச்சு, தூக்கிப் பாத்தேன். வந்துச்சு, தூக்கிப் பாத்தேன். கட்டில்லருந்து அஞ்., "யோவ், அது இன்னா தொட்டில் புள்ளையா, நிமுசத்துக்கு ஒருக்கா தூக்குற"ன்னா. கொரலே இல்ல அவளுக்கு, காத்து மாதிரி வருது. ஆனாலும் நக்கலு போகல.

படியில ஓனரம்மா நின்னுட்டு, "இன்னா கைடு, நேத்தும் சாம்பிராணி, இன்னைக்கும் சாம்பிராணி."

"புரட்டாசி ஆச்சேம்மா. பெருமாளுக்கு."

"அதுக்குள்ள வேற வாசனையும் வருதே."

"கருணைக்கெழங்கும்மா. எங்க பக்கம் பட்டை போட்டு வேக வைப்போம்."

அந்தம்மா மூக்கைச் சுருக்கிக்கிட்டு மேல போச்சு.

சாயங்காலம் கறி வெந்திருந்துது. வெந்து சுருங்கி, கயிறு மாதிரி. எனக்கே கடைவாய் நோவுது. சின்னச் சின்னதா வெட்டிக் குடுத்தேன். வாயில போட்டா. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டினா. ரொம்ப நேரம் உருட்டினா. அப்புறம் நான் பாக்காத மாதிரி உள்ளங்கையில துப்பி, முந்தானையில மடிச்சு வச்சிக்கிட்டா.

"நல்லா இருக்குது. வயிறு ரொம்பிடுச்சு"ன்னா.

அவ பொய் சொல்லி நான் கேட்டதில்ல. சொல்ல வரல அவளுக்கு, மூஞ்சி காட்டிக் குடுத்துடுது.

கவிதாவுக்குப் போன். அத்தை ஒரு கிண்ணம் சாப்பிட்டான்னு ஆரம்பிச்சேன்.

"மாமா."

"அரைக் கிண்ணம்."

"மாமா, நான் அங்க இருந்தா கண்ணால பாத்துக்குவேன். இல்ல. நீ சொல்றதை வச்சுத்தான் நான் லீவு போடறதா வேணாமான்னு முடிவெடுக்கணும். டாக்டரும் நீ சொல்றதை வச்சுத்தான் குழாய் வைக்கிறதா வேணாமான்னு பாப்பாங்க. அவங்ககிட்டயாச்சும் அளந்து வுடாத."

ஒண்ணும் சாப்பிடலன்னேன். அந்தப் பக்கம் பஸ்ஸு சத்தம் கேட்டுது. அவ ஊரு பஸ்ஸு, ஹாரனே அடிக்காம போவுது.

கேட்டா: எந்தக் கறி, எத்தினி தரம் தொறந்தே. சொன்னேன். தொடைக்கறி காஞ்சுதான் போவுமாம். ஜவ்வுதான் கரைஞ்சு கரைஞ்சு கறியை மெத்துனு ஆக்குமாம். மூடியத் தொறந்தா உள்ள இருக்கிற சூடு அத்தனையும் போயிடுமாம், மறுபடி ஏற அரை மணி நேரம் ஆவுமாம். அப்ப நான் நேத்து வச்சது பச்சை, இன்னைக்கு வச்சது பாதி. பாய் சொன்னதும் சரிதான். அதை அவருகிட்ட சொல்லப் போறதில்ல.

செவ்வாய்

பாய் கடை லீவு. நாளைக்குத்தான் கறி.

அஞ். தண்ணி மட்டும். அதுவும் நான் மொறைச்சதால. எந்திரிச்சு பாத்ரூம் போனவ செவுத்தப் புடிச்சிட்டு நின்னா. தூக்கினேன். கனமே இல்ல. கல்யாணத்தப்ப இவளத் தூக்கிட்டுக் கோட்டையில இருக்கிற கல்யாண மகாலை மூணு சுத்து சுத்தினேன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். அப்பல்லாம் தூக்க முடியாது இவள. இப்ப முடியுது.

தண்ணிக் கொழாய்கிட்ட ரெண்டு பொம்பளைங்க, நான் பின்னாடி நிக்கிறது தெரியாம:

"கைடு பொண்டாட்டி தேறுமா?"

"எங்க தேற. கழுத்தெல்லாம் கறுத்துப் போச்சு. அந்தாளு வாயில மட்டும் நல்லா இருக்குதாம்."

கொடத்தை எடுத்துட்டுத் திரும்பி வந்துட்டேன். ரொப்பல.

மதியம் கோட்டை. கையில காசு வேணும். ரெண்டு வெள்ளக்காரங்க, புருசன் பொண்டாட்டி. ஏறுறப்ப அந்தம்மா நின்னு மூச்சு வாங்கிச்சு. வாய் தானா, "வெரி..."ன்னு ஆரம்பிச்சிது. அதுக்கு மேல வரல. அந்த ஆளு, "யெஸ்?"ங்கிறான். "வெரி ஹை சார்"னேன். கல்யாண மகால் கதை, யானைக்குளம் கதை எதுவும் சொல்லல. இது மகால், இது கொளம்னு சொல்லிட்டு எறக்கிக் கூட்டியாந்துட்டேன். சொன்னதை விட அதிகமா கையில குடுத்தாங்க. இன்னா ஜனங்களோ.

புதன்

மழை வுட்டுது. பளிச்சுனு வெயில்.

பாய் கடைக்கு நான்தான் மொத ஆளு. "கெண்டைக்கால். ஜவ்வோட"ன்னேன். பாய் கத்தியத் தீட்டிக்கிட்டே, "அன்னைக்கே சொன்னேன்"னு சொல்லுவாரு, பதில் தயாரா வச்சிருந்தேன். சொல்லல. எலும்போட சேத்துக் கட்டினாரு. "எலும்பு ஊனும் எறங்கட்டும். சோறா இருந்தாலும் பெசைஞ்சு குடு"ன்னாரு.

இந்தத் தரம் வறுத்தேன். ரெண்டு பக்கமும் செவக்க. போனாப் போவுது வாசனை. கேரட், உருளை, வெங்காயம் அடியில, கறி மேல, வெந்நி பாதி வரைக்கும். LOW. மூடி.

வீட்ல இருந்தா தூக்குவேன்னு எனக்கே தெரியும். சட்டையப் போட்டுட்டுக் கெளம்பிட்டேன். "மூடியத் தொடாத"ன்னு அஞ்சலைக்குச் சொன்னேன். "நான் எங்க தொட்டேன்"னா.

கோட்டை டிக்கெட் கவுண்டர்கிட்ட ஒக்காந்தேன். கூட்டம் இல்ல. புளியமரத்துல கொரங்கு ஒண்ணு வேர்க்கடலை உரிச்சுத் தின்னுது, தோலைத் தூக்கி என் மேலயே போட்டுது. மனசெல்லாம் சட்டியில. பொம்பளைங்க கோயில்ல கேக்கிற மாதிரி ஒண்ணு கேட்டேன். எந்த சாமிகிட்டன்னு எழுத மாட்டேன். மாட்டுக்கறி வேகணும்னு புரட்டாசியில அந்த சாமிகிட்டயா கேப்பாங்க.

வெயில் சாய வீட்டுக்கு வந்தா கதவு தெறந்து கெடக்குது. தெருவு வரைக்கும் வாசனை. அஞ். கட்டில்ல ஒக்காந்திருக்குறா.

"மாடி அம்மா வந்துட்டுப் போச்சு."

ஓடிப் போயி கதவைச் சாத்தினேன். "இன்னா சொன்ன? கருணைக்கெழங்குதானே?"

"மாட்டுக்கறி வேவுதுன்னேன். எனக்குன்னேன்."

"அடிப்பாவி."

"அப்புறம் இன்னா சொல்லச் சொல்ற. மூக்கு இருக்குது அந்தம்மாவுக்கு."

"அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"எங்க வீட்லயா, அதுவும் புரட்டாசியிலயான்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். ஒக்காந்துடுச்சு இங்க, இந்த ஸ்டூல்ல. மாசக் கடைசில வேற எடம் பாத்துக்குங்கன்னுச்சு. சரிம்மான்னேன்."

"அவ்ளோதானா?"

"எந்திரிச்சுப் போச்சு. போறப்ப ஜன்னலை இழுத்து சாத்திட்டுப் போச்சு. அது வீட்டுக்காரரு கடையிலருந்து சாப்பிட வர்ற நேரம்னு சொல்லிட்டு."

இதை எப்படி எடுத்துக்கிறதுன்னு தெரியல. கோவம் வந்துச்சு. அது சரியா வெளிய வரல.

மூடியத் தொறந்தேன். ஸ்பூனால தொட்டேன். எலும்பு தனியாக் கழண்டு வந்துச்சு. கறி அப்படியே நாரு நாரா வுட்டுக் குடுத்துது, நனைஞ்ச பஞ்சு மாதிரி. சாறு கெட்டியா, ஒதட்டுல ஒட்டுது. செஞ்சியில இது வரைக்கும் ஒருத்தன் இப்படி ஆக்கினது இல்ல. தமிழ்நாட்டுலயே இல்ல. இதுல ஒரு எழுத்து கூட பொய் இல்ல.

உருளையோட மசிச்சு, சாறு ஊத்தி, ஆத்திக் குடுத்தேன். மொத ஸ்பூனை நாக்குல வச்சுக் கண்ண மூடிக்கிட்டா. நான் அவ தொண்டையவே பாத்துட்டிருக்கேன். ஏறி எறங்கிச்சு. முழுங்கிட்டா.

"இன்னொண்ணு"ன்னா.

நாலு ஸ்பூன். நாலாவதுல கையக் காட்டிட்டா. முந்தானையப் பிரிச்சுப் பாத்தேன், அவ பாக்கிறப்பவே. ஒண்ணும் மடிச்சு வைக்கல. "யோவ், போலீஸா நீ"ன்னா.

கவிதாவுக்குப் போட்டேன். "நாலு ஸ்பூன் சாப்பிட்டா."

"நீ சொல்ற கணக்குல நான் பாதிதான் எடுத்துக்குவேன் மாமா. ரெண்டா?"

"நாலு. உன் மேல சத்தியமா நாலு."

"சரி, ரெண்டுன்னு வச்சுக்கிறேன்."

வாழ்க்கையில ஒரு தரம் உள்ளதை உள்ளபடி சொல்றேன், எடுபடல.

வியாழன்

விடிகாலை பஸ். பனி. திண்டிவனம் தாண்டுற வரைக்கும் அஞ். தூங்கினா. காலைல சாறு மட்டும் ஒரு டம்ளர் குடிச்சிருந்தா. மிச்சக் கறி பிரிஜ்ஜுல.

ஆஸ்பத்திரியில கூட்டம். பக்கத்து பெஞ்சு ஆளுக்கு மூக்குல குழாய், பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்துது. அஞ். அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. என் சட்டை நுனியப் புடிச்சிட்டிருந்தா. புடிச்சிருக்கிறது அவளுக்கே தெரியாது.

எடை பாத்தாங்க. போன வாரத்தை விடக் கொறச்சல். ரொம்ப இல்ல, ஆனா கொறச்சல். நேத்து சாப்பிட்டது நேத்தே ஏறிடுமா. டாக்டரம்மா சீட்டுல எழுதிட்டே, "என்ன சாப்பிட்டாங்க?"ன்னு கேட்டாங்க. என்னைப் பாக்கல. நர்ஸு வாசல்லயே டிரேயோட நின்னுது. டிரேயில அந்தக் குழாய் கவர் பிரிக்காம இருந்துது.

வாயில வந்துச்சு. ஒரு சட்டி மேடம், எலும்பு வரைக்கும் மேடம். முழுங்கிட்டேன்.

"நாலு ஸ்பூன் மேடம். நேத்து ஒரு நாள்தான். அதுக்கு முன்னாடி எதுவும் இல்ல."

டாக்டரம்மா பேனாவ வச்சுட்டு நிமிந்து பாத்தாங்க. நான் கம்மியா சொல்லி அவங்க கேட்டதே இல்ல. "என்னது, கஞ்சியா?"

"மாட்டுக்கறி மேடம். மெத்துனு ஆக்கினது."

அஞ்சலை பக்கம் திரும்பினாங்க. "ஏம்மா, நெஜமா? முழுங்க முடிஞ்சுதா?"

அஞ். என் சட்டைய வுட்டுட்டு நேரா ஒக்காந்தா.

"அவருக்கு எண்ணத் தெரியாது மேடம். ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். மசிச்சு. வழிக்க வழிக்க."

மூஞ்சியப் பாத்தேன். ஒண்ணுமே காட்டிக் குடுக்கல.

டாக்டரம்மா தொண்டையில லைட்டு அடிச்சுப் பாத்தாங்க, தண்ணி குடிக்கச் சொல்லிப் பாத்தாங்க. "சரி. ஒரு வாரம் தர்றேன். இதையே குடுங்க, தெனம் ரெண்டு வேளை. வர்ற வியாழன் எடை கொறஞ்சா நான் கேக்க மாட்டேன், வச்சுடுவேன்"னாங்க. நர்ஸு டிரேய எடுத்துட்டு அடுத்த ரூமுக்குப் போச்சு.

திரும்பறப்ப பஸ்ல ஜன்னல் சீட்டு கெடச்சிது அவளுக்கு.

"ஒரு கிண்ணம்னு சொன்னியே"ன்னேன்.

"ஆமா."

"நாலு ஸ்பூன்தான்டி."

வெளிய பாத்துட்டே இருந்தா. அப்புறம், "இன்னும் ஒரு வாரம் இருக்குதே. சாப்பிட மாட்டனா இன்னா"ன்னா.